68 மணி நேரத்துக்கு ஒருமுறை உறைந்த சர்வர்: ஒரு பித்ரெட் கிரியேட் வரியின் கதை

சி மொழியில் ஒரு த்ரெட்டை, அதாவது நிரலுக்குள் மற்ற வேலைகளோடு சேர்ந்தே தனியாக ஓடும் ஒரு வேலையை, தொடங்க ஒரே வரி போதும்: பித்ரெட் கிரியேட் என்ற ஃபங்ஷனை அழைக்கும் வரி. அந்த ஒரே வரியில் ஐந்து தப்பு செய்ய முடியும் என்று நாங்கள் செய்தே காட்டினோம். "நாங்கள்" என்பதில் நானும் உண்டு, அந்த நிரலைப் பார்த்துவிட்டு "சரி, போடலாம்" என்று சொன்னவனே நான்தான். இது நடந்து முடிந்த சங்கதி. வாடிக்கையாளர் யார், எந்த ஊர் என்பதெல்லாம் இங்கே வேண்டாம், அந்த வரிதான் வேண்டும்.

வேலை இதுதான். குளிர்பதனக் கிடங்குகளில் வெப்பநிலையைப் பதியும் கருவிகள், மொத்தம் 120. ஒவ்வொன்றும் 15 நிமிடத்துக்கு ஒருமுறை எங்கள் சர்வருக்கு டிசிபி இணைப்பு போட்டு, ஒரு பதிவை அனுப்பி, "கிடைத்தது" என்ற பதிலை வாங்கிக்கொண்டு துண்டித்துவிடும். 30 விநாடிக்குள் பதில் வராவிட்டால் தானே துண்டித்துக்கொண்டு அடுத்த சுற்றுக்குக் காத்திருக்கும். அனுப்ப முடியாத பதிவுகளில் கடைசி 96ஐ, அதாவது ஒரு நாள் அளவை, தன்னிடமே வைத்துக்கொள்ளும். சர்வர் ஒரு 64 பிட் டெபியன் 10 பெட்டி, 8 ஜிபி நினைவகம். அதில் சுமார் 900 வரிக்கு ஒரு சி நிரல்: மெயின் ஃபங்ஷன் ஒரு முடிவில்லாத சுற்றில் அக்செப்ட் செய்யும், அதாவது இணைப்புகளை ஏற்கும், வரும் ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு புதிய த்ரெட்டைத் தொடங்கும், அந்த த்ரெட் படித்து, தரவுத்தளத்தில் எழுதி, பதில் சொல்லி, சாக்கெட்டை, அதாவது இணைப்பின் நம் முனையை, மூடிவிட்டு முடிந்துபோகும். மணிக்கு 480 இணைப்பு. இந்தக் காலத்தில் இது ஒரு சுமையே இல்லை.

ஒரு திங்கட்கிழமை காலை 10 மணிக்கு ஓடவிட்டோம். வியாழன் காலை எட்டேகாலுக்கு ஃபோன். "சார், ஸ்கிரீன்ல எல்லாமே சிவப்பா இருக்கு, ஒண்ணும் வரல." உள்ளே போய்ப் பார்த்தால் ஒரு சிபியு கோர் முழுவதும் எங்கள் நிரல் கையில், லாக் ஃபைல் நொடிக்கு ஆயிரக்கணக்கான வரியாக வீங்கிக்கொண்டிருக்கிறது, அத்தனை வரியிலும் ஒரே செய்தி: அக்செப்ட் தோற்றது, திறந்த ஃபைல்கள் அளவுக்கு மேல் போய்விட்டன, பிழை எண் 24.

லாக்கே காரணத்தைச் சொல்லிவிட்டதென்று நினைத்தோம். லினக்ஸில் ஒவ்வொரு இணைப்பும் ஒரு திறந்த ஃபைல் கணக்குதான். யூலிமிட்டில், அதாவது ஒரு புராசஸுக்கு (ஓடும் நிரலுக்கு) வைத்த வரம்புகளில், திறந்த ஃபைல்களுக்கு 1024, சர்வருக்கு இது குறைவுதானே, 65,536 ஆக்கு, ரீஸ்டார்ட் செய். ஒன்பது மணிக்கு எல்லாம் பச்சையானது. நானே "ரெடி" என்று மெசேஜ் போட்டேன்.

அன்றைக்கே நாங்கள் கவனித்திருக்க வேண்டிய ஒன்று கண்ணுக்கு முன்னாலேயே கிடந்தது. லாக்கில் முதல் பிழை 8:11க்கு. தரவுத்தளத்தில் கடைசிப் பதிவோ 6:04க்கு. நடுவில் இரண்டு மணி ஏழு நிமிடம் சர்வர் ஒரு பிழையும் சொல்லாமல், ஒரு பதிவையும் எழுதாமல் இருந்திருக்கிறது. மணிக்கு 480 இணைப்பு என்ற கணக்கில் அந்த இடைவெளிக்கு ஏறத்தாழ 1,016 இணைப்புகள். 1024இலிருந்து ஏற்கெனவே திறந்திருந்த சிலதைக் கழித்தால் அதே எண். ஆறு மணிக்கு வேறு ஏதோ உடைந்திருக்கிறது, அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு இணைப்பும் திறந்தபடியே விடப்பட்டிருக்கிறது, அது 1024ஐத் தொட்டபோதுதான் லாக் கத்த ஆரம்பித்தது. காய்ச்சலைப் பார்த்தோம், நோயைப் பார்க்கவில்லை. அவசரத்தில் யாரும் இரண்டு நேரத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை.

ஞாயிறு அதிகாலை ஐந்து மணி வாக்கில் மறுபடியும் நின்றது. இந்த முறை வரம்பை உயர்த்தி வைத்திருந்தோமே, அதனால் லாக்கில் ஒரு வரி கூட இல்லை! ஞாயிறு என்பதால் யாரும் பார்க்கவில்லை, திங்கள் காலை ஒன்பதுக்குத்தான் தெரிந்தது. 28 மணி நேரம். கருவிகள் 24 மணி நேரத்தைத்தான் தாங்கும், ஆகவே ஒவ்வொரு கிடங்கிலும் நாலு மணி நேரப் பதிவு காணாமலே போனது. அதற்கு விளக்கக் கடிதம் எழுதிய அனுபவம் தனிக்கதை.

அந்தத் திங்கட்கிழமை ரீஸ்டார்ட் பட்டனைத் தொடாமல் முதலில் பார்த்தோம், அதற்காக மட்டும் என்னை நானே தட்டிக்கொடுத்துக்கொள்ளலாம். சாக்கெட் பட்டியலை எடுத்தால் பதின்மூன்றாயிரத்துச் சொச்சம் இணைப்புகள் குளோஸ்-வெயிட் நிலையில். எதிர்முனை மூடிவிட்டது, நாம்தான் இன்னும் மூடவில்லை என்பது அதன் பொருள். எல்லாவற்றின் பெறும் வரிசையிலும் படிக்கப்படாத பைட்டுகள். அதாவது கருவி அனுப்பியது வந்து சேர்ந்திருக்கிறது, அக்செப்ட்டும் ஆகியிருக்கிறது, ஆனால் படிக்க ஆள் இல்லை. த்ரெட் தொடங்கவே இல்லை.

ஏன் தொடங்கவில்லை? ஓடும் நிரல்களின் விவரத்தை கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) காட்டும் பிராக் அடைவில் அந்தப் புராசஸின் நிலைக் கோப்பைத் திறந்தால் த்ரெட்களின் எண்ணிக்கை: 1. மெயின் மட்டும். "த்ரெட் ரொம்ப அதிகமாயிடுச்சுன்னு நினைச்சேன், ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு, அண்ணா" என்றான் கூட இருந்த தம்பி. அப்புறம் டாப் என்ற கண்காணிப்புக் கருவியில் விர்ட் என்ற நெடுவரிசையைக் காட்டினான். 255.9 ஜி. 8 ஜிபி பெட்டியில் ஒரு சின்ன நிரல் 256 ஜிபி முகவரி இடத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "விர்ட்டைப் பார்த்து பயப்படாதே, அது சும்மா ஒதுக்கீடு, உண்மையான நினைவகம் ரெஸ் நெடுவரிசைதான்." பொதுவாக இது சரியான அறிவுரைதான். ரெஸ்ஸும் சில நூறு எம்பியில்தான் இருந்தது. அந்த அறிவுரையே அன்றைக்கு எங்களை அரை நாள் வேறு பக்கம் கூட்டிக்கொண்டு போனது.

மேலே போகும் முன் அந்த வரியைக் காட்டிவிடுகிறேன். அக்செப்ட்டுக்கு அடுத்த வரியில் இப்படி இருந்தது:

ஆர்சி = பித்ரெட்_கிரியேட்(&டிஐடி, நல், (வாய்ட் *(*)(வாய்ட் *))வேலை, &சிஎஃப்டி);
இஃப் (ஆர்சி < 0) பிஎரர்("த்ரெட்");

நாலு வாதம், ஒரு விடை. முதல் வாதம் புதிய த்ரெட்டின் அடையாளத்தை எழுதிவைக்க ஓர் இடம். இரண்டாவது அதன் பண்புகள், நல் என்றால் இயல்பானவை. மூன்றாவது அது ஓட்ட வேண்டிய ஃபங்ஷன். நாலாவது அந்த ஃபங்ஷனுக்குக் கொடுக்கப்படும் ஒரே ஒரு பாயிண்டர். 1995இல் யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான போசிக்ஸ் தரத்தில் இந்த இடைமுகம் சேர்ந்தபோது இருந்த வடிவம்தான் இன்றைக்கும். இந்த நாலிலும் விடையிலும் ஆளுக்கொரு தப்பு.

விடையிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் இரண்டு வாரம் எங்களைக் குருடாக்கியது அதுதான். யூனிக்ஸில் வளர்ந்தவர்களுக்கு ஓப்பன், ரீட், அக்செப்ட் எல்லாம் தோற்றால் -1 தரும், காரணம் எர்நோ என்ற மாறியில் இருக்கும் என்பது கை பழகிப்போன விஷயம். பித்ரெட் குடும்பம் அப்படி இல்லை. வெற்றி என்றால் 0, தோல்வி என்றால் பிழை எண்ணையே நேராகத் திருப்பித் தரும், எர்நோவுக்குள் எதையும் வைப்பதாக அது வாக்குக் கொடுக்கவில்லை. பிழை எண்கள் எல்லாம் நேர்ம எண்கள். எங்கள் "பூஜ்யத்துக்குக் கீழே" என்ற சோதனை எந்தக் காலத்திலும் உண்மையாகாது, உண்மையானாலும் பிஎரர் எர்நோவில் கிடக்கும் பழைய எதையோ எடுத்து அச்சடித்திருக்கும். சோதனையை "பூஜ்யம் இல்லையென்றால்" என்று மாற்றி, பிழை எண்ணைச் சொற்களாக்கும் ஸ்டிரெரரிடம் ஆர்சியையே கொடுத்து அச்சடித்தோம். தோற்றபோது சாக்கெட்டை மூடுவதையும் சேர்த்தோம், அது இல்லாததால்தான் ஃபைல் வரம்பு நிரம்பியது.

இப்போது 68 மணி நேரம் காத்திருக்க வேண்டுமா? வேண்டாம், மணிக்கு 480 என்பதை நொடிக்கு 200 ஆக்கினால் போதும் என்று தம்பி ஒரு சின்ன கிளையண்ட் எழுதினான். இணை, அனுப்பு, பதில் வாங்கு, துண்டி, திரும்ப. சோதனைப் பெட்டியில் ஓடவிட்டு டீ வாங்கப் போய்த் திரும்புவதற்குள், மூன்று நிமிடம் கூட ஆகவில்லை, முதல்முறையாக நிரல் வாயைத் திறந்தது: பிழை 11. ஈஅகெய்ன். "வளம் தற்காலிகமாகக் கிடைக்கவில்லை."

மூன்று தடவை ஓட்டினோம். ஒவ்வொரு தடவையும் 32,730க்கும் 32,745க்கும் நடுவில் நின்றது. இந்த எண்ணைப் பார்த்ததும் லினக்ஸ் தெரிந்த யாருக்கும் என்ன தோன்றும்? 32,768. கெர்னல் ஒவ்வொரு புராசஸுக்கும் கொடுக்கும் அடையாள எண்ணான பிஐடியின் உச்சவரம்பு, அந்த டெபியனில் இயல்பாக அதுதான். த்ரெட்டுக்கும் கெர்னல் ஒரு பிஐடி கொடுக்கிறது. ஆகா, கண்டுபிடித்துவிட்டோம்! வரம்பை நாலு மில்லியனுக்கு ஏற்றி மறுபடியும் ஓட்டினோம். 32,738இல் நின்றது. அறையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

யோசித்தால் அது பிஐடியாக இருக்கவே முடியாது. பிஐடி உயிரோடு இருக்கும் த்ரெட்டுக்குத்தான். நிலைக் கோப்பு த்ரெட் எண்ணிக்கை 1 என்கிறது. முடிந்தவை எல்லாம் கெர்னலைப் பொறுத்தவரை போய்ச் சேர்ந்துவிட்டன, பிஐடியைத் திருப்பிக் கொடுத்துவிட்டன.

நிரல் கெர்னலிடம் செய்யும் அழைப்புகளைக் காட்டும் எஸ்ட்ரேஸ் போட்டோம். ஒழுங்காக நடக்கும்போது ஒரு த்ரெட் தொடங்குவது அதில் மூன்றே அழைப்புகளாகத் தெரியும், ஒரு தடவையாவது ஒவ்வொருவரும் இதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பேன். முதலில் எம்மேப், 8,392,704 பைட் கேட்டு. அது 8 எம்பியும் கூட ஒரு 4,096 பைட் பக்கமும்: புதிய த்ரெட்டின் ஸ்டாக்கும் (அதன் லோக்கல் மாறிகள் இருக்கும் இடம்), அதன் அடியில் ஒரு காவல் பக்கமும் (ஸ்டாக் வழிந்தால் பிடிக்க). கேட்கும்போது மொத்தமும் தொடக்கூடாத இடம். அடுத்து எம்ப்ரொடெக்ட், காவல் பக்கத்தை விட்டுவிட்டு மீதி 8,388,608 பைட்டைப் படிக்கவும் எழுதவும் திறந்துவிடும். மூன்றாவது குளோன், நினைவகம், ஃபைல்கள், சிக்னல் கையாளிகள் எல்லாவற்றையும் தாய்ப் புராசஸோடு பகிர்ந்துகொள்ளும்படி கொடிகள் வைத்து. அவ்வளவுதான், த்ரெட் ஓட ஆரம்பித்துவிடும். சில சமயம் பித்ரெட் கிரியேட் திரும்பி வருவதற்கு முன்பே கூட ஓடிவிடும்.

தோற்றபோது எம்மேப் போனது, எம்ப்ரொடெக்ட்டில் ஈநோமெம், நினைவகம் இல்லை என்று. குளோன் வரை போகவே இல்லை. கெர்னல் சொன்னது ஈநோமெம், அதாவது 12. எங்கள் பெட்டியின் சி நூலகமான ஜிலிப்சி அதை 11 ஆக மாற்றி எங்களிடம் கொடுத்தது, போசிக்ஸ் தரம் வளப் பற்றாக்குறைக்கு ஈஅகெய்ன் என்ற பெயரையே வைத்திருக்கிறது என்பதால். அந்த மொழிபெயர்ப்பில் "தற்காலிகமாக" என்ற ஒரு பொய் சேர்ந்துவிட்டது, மறுபடி முயன்றால் சரியாகிவிடும் என்ற தொனியில். எங்கள் விஷயத்தில் எத்தனை முறை முயன்றாலும் சரியாகப் போவதில்லை.

8 ஜிபியில் பாதி காலியாக இருக்கும்போது எப்படி நினைவகம் இல்லாமல் போகும்? தம்பிதான் அந்தப் புராசஸின் நினைவகத் துண்டுகளை வரிக்கு ஒன்றாகக் காட்டும் மேப் கோப்பில் எத்தனை வரி என்று எண்ணினான். 65,500ஐத் தாண்டி இருந்தது. கெர்னலில் ஒரு புராசஸ் எத்தனை தனித்தனி நினைவகத் துண்டுகள் வைத்திருக்கலாம் என்பதற்கு ஒரு வரம்பு உண்டு, இயல்பாக 65,530. ஒவ்வொரு த்ரெட்டும் இரண்டு துண்டு: ஒரு ஸ்டாக், ஒரு காவல் பக்கம். இரண்டுக்கும் அனுமதி வேறு வேறு என்பதால் கெர்னலால் ஒன்றாகச் சேர்க்க முடியாது. 65,530ஐ இரண்டால் வகுத்தால் 32,765, நிரலுக்கும் நூலகங்களுக்கும் போகும் சில டஜன் துண்டுகளைக் கழித்தால் எங்கள் எண். பிஐடி வரம்புக்கு மூன்று மட்டும் தள்ளி நிற்பது தற்செயல், எவ்வளவு குசும்பான தற்செயல் பாருங்கள். மணிக்கு 480 என்றால் 32,700க்கு 68 மணி நேரம். திங்கள் பத்து மணியிலிருந்து எண்ணினால் வியாழன் ஆறு. கணக்கு நிமிடக்கணக்கில் பொருந்தியது. அன்றைக்குச் சாப்பாடு இறங்கியது.

சரி, த்ரெட்கள்தான் முடிந்துவிட்டனவே, அவற்றின் ஸ்டாக் ஏன் கிடக்கிறது? இதுதான் மொத்த விவகாரத்தின் நடு. நாம் எதுவும் சொல்லாமல் தொடங்கிய த்ரெட், ஜாயின் செய்யக்கூடிய த்ரெட். அது முடியும்போது ஒரு விடையை விட்டுவிட்டுப் போகிறது, யாராவது ஒருநாள் பித்ரெட் ஜாயின் அழைத்து அதைக் கேட்பார்கள் என்ற நம்பிக்கையில். அந்த விடையும் த்ரெட்டின் கணக்குவழக்கும் ஜிலிப்சியில் ஒரு ஸ்டிரக்ட்டில் இருக்கின்றன, அந்த ஸ்டிரக்ட் இருக்கும் இடம் அதே 8 எம்பி துண்டின் மேல் முனை. ஆகவே ஜாயின் வரும்வரை மொத்தத் துண்டும் அப்படியே நிற்கும். உள்ளே பயன்படாத பக்கங்களை ஜிலிப்சி முடியும்போதே கெர்னலிடம் திருப்பிக் கொடுத்துவிடுகிறது, அதனால்தான் ரெஸ் நல்ல பிள்ளையாக இருந்தது. முகவரி இடம் மட்டும் போகாது.

லாட்ஜில் தங்கியவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு விடியற்காலையில் போய்விட்டார், சாவியை மட்டும் கொடுக்கவில்லை என்று வையுங்கள். வாசலில் இருக்கும் வாட்ச்மேனைக் கேட்டால் "உள்ளே ஆளே இல்லைங்க" என்பார், உண்மைதான். கவுண்டரில் கேட்டால் "ரூம் இல்லைங்க" என்பார், அதுவும் உண்மைதான். நிலைக் கோப்பு வாட்ச்மேன், மேப் கோப்பு கவுண்டர் லெட்ஜர். நாங்கள் வாட்ச்மேனையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

ஜாயின் ஏன் செய்யவில்லை என்றால், செய்ய வழியே இல்லை. முதல் வாதத்தைப் பாருங்கள், டிஐடி என்று ஒரே ஒரு மாறி. ஒவ்வொரு சுற்றிலும் புதிய அடையாளம் பழையதன் மேலேயே எழுதப்படுகிறது. 32,000 த்ரெட் தொடங்கி, கடைசி ஒன்றின் பெயர் மட்டும் கையில். அந்த மாறியை யாரும் எங்கும் படிக்கவும் இல்லை, ஃபங்ஷன் கேட்கிறதே என்று கொடுத்திருந்தோம். எழுதிவிட்டுப் படிக்கவே படிக்காத ஒரு மாறி இருந்தால் அங்கே ஒரு முடிவு எடுக்கப்படாமல் கிடக்கிறது என்று அர்த்தம்.

இரண்டாவது வாதம் நல். அந்த நல்லுக்குள் எடுக்கப்படாத முடிவுகள் இரண்டு ஒளிந்திருந்தன: ஜாயினா டிட்டாச்சா, ஸ்டாக் எவ்வளவு. 8 எம்பி என்பது ஜிலிப்சி யூலிமிட்டின் ஸ்டாக் அளவிலிருந்து எடுத்துக்கொள்வது. மசல் என்ற இன்னொரு சி நூலகத்தில் அதே நல் 128 கேபி தரும். ஒரே நிரல், இரண்டு நூலகம், 64 மடங்கு வித்தியாசம். அவசர மருத்துவமாக, பண்புகளுக்கு ஒரு மாறி வைத்து அதில் டிட்டாச் நிலையைப் போட்டோம். டிட்டாச் ஆன த்ரெட் முடிந்ததும் எல்லாவற்றையும் தானே கட்டி எடுத்துக்கொண்டு போய்விடும், விடை கேட்க யாரும் இல்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டோமே. கிளையண்டை மறுபடி நொடிக்கு 200 என்று விட்டோம். ஒரு லட்சம் இணைப்பு தாண்டியும் மேப் கோப்பு அறுபது வரியைச் சுற்றியே நின்றது.

ஸ்டாக்கையும் குறைக்கலாம் என்று ஆசைப்பட்டு ஒரு சிராய்ப்பு வாங்கினோம். 64 கேபி போதும் என்று வைத்தால், படிக்கும் ஃபங்ஷனுக்குள் 100 கேபிக்கு ஒரு லோக்கல் பஃபர் இருந்தது, முதல் இணைப்பிலேயே செக்மென்டேஷன் ஃபால்ட். 256 கேபி வைத்தோம். இந்தப் பெட்டியில் 16,384 பைட்டுக்குக் கீழே வைக்கப் பார்த்தால் அந்த அமைப்பு ஃபங்ஷன் 22ஐத் திருப்பிவிட்டுச் சும்மா இருந்துவிடும், அதன் விடையையும் பார்க்காவிட்டால் இயல்பான 8 எம்பியோடுதான் ஓடிக்கொண்டிருப்பீர்கள், தெரியாமலே.

மூன்றாவது வாதத்தில் அந்த அசிங்கமான காஸ்ட், அதாவது வகைமாற்றம். வேலை என்ற ஃபங்ஷன் இன்ட் திருப்பித் தருவதாக எழுதப்பட்டிருந்தது, கம்பைலர் முறைத்தது, காஸ்ட் போட்டு வாயை அடைத்தோம். இந்தப் பெட்டியில் அது எதையும் உடைக்கவில்லை, ஆனால் தரத்தின்படி வரையறுக்கப்படாத நடத்தை. வாய்ட் ஸ்டார் வாங்கி வாய்ட் ஸ்டார் தரும்படி ஃபங்ஷனை மாற்றினால் காஸ்ட்டே தேவையில்லை. மாற்றினோம்.

நாலாவது வாதத்துக்கு வருகிறேன். இதைத் தேடிப் போகவில்லை, மற்றதைத் தேடும்போது மாட்டியது. &சிஎஃப்டி, அதாவது மெயினின் சுற்றில் இருக்கும் ஒரே மாறியின் முகவரி. த்ரெட் தொடங்கி அந்த முகவரியில் இருக்கும் எண்ணைப் படிப்பதற்குள் மெயின் அடுத்த அக்செப்ட்டை முடித்து அதே மாறியில் புதிய எண்ணை எழுதிவிடலாம். பாடப் புத்தகங்களில் ஐயை 0 முதல் 9 வரை ஓட்டி, &ஐ கொடுத்து பத்து த்ரெட் தொடங்கி, ஒவ்வொன்றும் தன் எண்ணை அச்சடிக்கச் சொல்வார்கள். 2, 2, 3, 5, 5, 10 என்று கன்னாபின்னாவென்று வரும், தொடங்காத 10 கூட வரும். அதே கதை, இங்கே எண்ணுக்குப் பதில் சாக்கெட்.

சாதாரண நாளில் 120 கருவிகள் 15 நிமிடத்தில் சிதறி வருவதால் மோதல் அபூர்வம். ஆனால் கரண்ட் போய்த் திரும்ப வரும்போது ஒரு கிடங்கின் கருவிகள் எல்லாம் ஒரே நொடியில் எழுந்து ஒரே நொடியில் இணைக்கும். அப்போது என்ன நடக்கும் என்று ஓர் எடுத்துக்காட்டில் பாருங்கள். 9ஆம் எண் சாக்கெட் வந்தது, த்ரெட் தொடங்கியது, அது படிப்பதற்குள் 10 வந்துவிட்டது. இரண்டு த்ரெட்டும் 10ஐயே எடுத்துக்கொள்ளும். ஒரே கருவியின் பதிவில் பாதியை ஒன்று படிக்கும், மீதியை இன்னொன்று படிக்கும், இரண்டிலும் சிஆர்சி (பதிவு சிதையாமல் வந்ததா என்று பார்க்கும் சரிபார்ப்பு எண்) தப்பு. 9ஐப் படிக்க யாருமில்லை, மூடவும் யாருமில்லை. இதைவிட மோசம், இரண்டு த்ரெட்டும் 10ஐ மூடும். முதல் மூடலுக்கும் இரண்டாவதற்கும் நடுவில் மெயின் புதிதாக ஓர் இணைப்பை ஏற்றிருந்தால் அதற்கும் 10 என்ற எண்தான் கிடைத்திருக்கும், அந்த ஒன்றுமறியாத மூன்றாவது கருவியின் இணைப்பு அறுபடும்.

கரண்ட் கட்டுக்குப் பிறகு சிஆர்சி தப்புகள் வருவது எங்களுக்கு முன்பே தெரியும். "வயரிங் பிரச்சினை, ஸ்விட்ச்சை மாத்துங்க" என்று வாடிக்கையாளரிடம் சொல்லி, அவர்கள் இரண்டு ஸ்விட்ச் மாற்றியும் இருந்தார்கள். அந்தப் பில்லைப் பற்றி நான் பேசப் போவதில்லை. வேலை ஃபங்ஷனின் முதல் வரியில் ஒரு மில்லிநொடி தூக்கம் போட்டு, பத்து இணைப்பை ஒன்றாக விட்டதும் இது ஒவ்வொரு தடவையும் அச்சுப் பிசகாமல் நடந்தது.

திருத்தம்: ஒவ்வொரு இணைப்புக்கும் மாலக்கில் தனியாக ஒதுக்கிய ஒரு சின்ன ஸ்டிரக்ட், அதில் சாக்கெட் எண்ணும் கருவியின் ஐபி முகவரியும். அதன் பாயிண்டரை த்ரெட்டிடம் கொடுத்த நொடியிலிருந்து அது த்ரெட்டின் சொத்து, ஃப்ரீ செய்வதும் சாக்கெட்டை மூடுவதும் அதன் பொறுப்பு. ஒரே விதிவிலக்கு, பித்ரெட் கிரியேட் தோற்றால் வாங்க ஆளில்லை, கொடுத்தவரே இரண்டையும் செய்ய வேண்டும். எண் ஒன்றை மட்டும் கொடுப்பதாக இருந்தால் அதையே பாயிண்டராக வேடமிட்டு அனுப்பும் பழக்கமும் உண்டு, வேலை நடக்கும், ஆனால் நாளைக்கு இரண்டாவது தகவல் தேவைப்படும்போது எப்படியும் ஸ்டிரக்ட்டுக்குத்தான் வர வேண்டும்.

டிட்டாச் செய்ததில் ஒரு புதுச் சிக்கல் வந்தது. மெயின் திரும்பினால் புராசஸே முடியும், பாதி எழுதிக்கொண்டிருக்கும் த்ரெட்களும் அதோடு போகும். முன்பும் அப்படித்தான் இருந்தது, இப்போதுதான் கவலைப்பட ஆரம்பித்தோம். ஓடும் த்ரெட்களின் எண்ணிக்கையை ஒரு மியூடெக்ஸுக்குள் (ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் தொடவிடும் பூட்டு) வைத்து, நிறுத்தச் சொன்னால் அது பூஜ்யமாகும்வரை கண்டிஷன் வேரியபிளில் காத்திருக்கிறோம். அதே எண்ணிக்கை 200ஐத் தாண்டினால் புதிய இணைப்பை உடனே மூடிவிட்டு லாக்கில் எழுதுகிறோம். சில த்ரெட்களை முன்பே தொடங்கி வைத்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் த்ரெட் பூல் வைக்கலாமே என்று கேட்டார்கள். வைக்கலாம்தான், 120 கருவிக்கு அது தேவை என்று எனக்குத் தோன்றவில்லை. லினக்ஸில் த்ரெட் தொடங்குவது மலிவு. 2003இல் பழைய லினக்ஸ்த்ரெட்ஸை ஓரங்கட்டிவிட்டு உல்ரிச் டிரெப்பரும் இங்கோ மோல்னாரும் எழுதிய என்பிடிஎல் என்ற த்ரெட் நூலகம் வந்ததிலிருந்தே மலிவு. எங்களைக் கெடுத்தது அந்த மலிவுதான் என்றும் சொல்லலாம்.

உயிருள்ள த்ரெட்களாலும் இதே சுவரில் முட்டலாம். அமேசானின் கைனசிஸ் சேவை 2020 நவம்பர் 25 அன்று வட வர்ஜீனியா பகுதியில் விழுந்தது இப்படித்தான், அவர்களே வெளியிட்ட விளக்கத்தில் இருக்கிறது: முன்வரிசை சர்வர் ஒவ்வொன்றும் மற்ற ஒவ்வொரு முன்வரிசை சர்வருக்கும் ஒரு த்ரெட் வைத்திருந்தது, திறனைக் கூட்டக் கொஞ்சம் சர்வர்களைச் சேர்த்ததும் எல்லாச் சர்வர்களிலும் ஒரே நேரத்தில் த்ரெட் எண்ணிக்கை இயங்குதளத்தில் வைத்திருந்த வரம்பைத் தாண்டியது. அங்கேயும் காரணத்தைக் கண்டுபிடிக்க மணிக்கணக்கில் ஆனது. அவர்கள் வாட்ச்மேனைக் கேட்டிருந்தால் பதில் கிடைத்திருக்கும், எங்களுக்குத்தான் கவுண்டருக்குப் போக வேண்டியிருந்தது.

இவ்வளவையும் ஒரு கருவி முதல் நாளே சொல்லியிருக்கும் என்பதுதான் எரிச்சல். கம்பைல் செய்யும்போது த்ரெட் சானிடைசரைப் போட்டு, சிறிது நேரம் ஓட்டி ஒழுங்காக நிறுத்தினால், "த்ரெட் லீக்" என்று அந்தப் பெயரையே சொல்லி, எந்த வரியில் தொடங்கியது என்றும் காட்டுகிறது. &சிஎஃப்டி மோதலையும் தனியாகக் காட்டியது. நினைவகக் கசிவு தேடும் வால்கிரிண்டில் முன்பே பித்ரெட் கிரியேட் பெயரோடு சில நூறு பைட் "ஒருவேளை கசிவு" என்று வந்திருந்தது, "நூலகத்தோட சமாச்சாரம், விடு" என்று தள்ளிவிட்டவன் யார் என்று கேட்காதீர்கள். சி பிளஸ் பிளஸ் இதில் கறார், ஜாயினும் செய்யாமல் டிட்டாச்சும் செய்யாமல் ஒரு த்ரெட் பொருளை அழியவிட்டால் நிரலையே அங்கேயே கொன்றுவிடும். சி11இன் சொந்த த்ரெட் நூலகமோ பித்ரெட்டின் வழியில்தான், நாம் சொல்லும்வரை வாய் திறக்காது.

புதிய நிரல் போய்ச் சேர்ந்தது. மூன்று மாதம் ஒரு பிரச்சினையும் இல்லை. அப்புறம் ஒருநாள் வேறு எதற்கோ கிரான் பட்டியலை (குறித்த நேரத்தில் தானே ஓடும் வேலைகளின் பட்டியல்) பார்த்தால், இரண்டாவது தடவை நின்ற பிறகு அவசரத்துக்கு நாங்களே போட்டுவைத்த ஒரு வரி அங்கேயே உட்கார்ந்திருக்கிறது: தினமும் இரவு 2 மணிக்கு ரீஸ்டார்ட். மூன்று மாதமாக எங்கள் நிரல் ஒரு தடவை கூட 24 மணி நேரத்தைத் தாண்டியதே இல்லை.

எடுத்தோம். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு ரீஸ்டார்ட் செய்துவிட்டு விட்டோம், வேண்டுமென்றேதான். வியாழன் காலை ஐந்தரைக்கு அலாரம் வைத்து எழுந்து, லேப்டாப்பைத் திறந்து மேப் கோப்பின் வரிகளை நிமிடத்துக்கு ஒருமுறை எண்ணிக்கொண்டிருந்தேன். 6:04க்கு 61. 6:05க்கு 63, யாரோ ஒரு கருவி பேசிக்கொண்டிருந்தது. 6:06க்கு மறுபடி 61.